இடப்பக்கம் பழுப்பு, வலப்பக்கம் வெண்மை

கொட்டச்சேட்டிலிருந்து ஏற்காட்டை நோக்கி ஏறும் சாலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில், ஓரக்கல்லின் மேல் என் வெள்ளைக் கைக்குட்டை விரிந்திருந்தது. அதன்மேல் என் மோட்டார் சைக்கிளின் இரண்டு பிளக்குகள் அருகருகே கிடந்தன. இடப்பக்கத்து உருளையிலிருந்து, அதாவது சிலிண்டரிலிருந்து, கழற்றியது வெளிறிய பழுப்பு. வலப்பக்கத்து உருளையிலிருந்து கழற்றியது சுண்ணாம்பு வெண்மை. இரண்டு ஏடுகளுக்கிடையே பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியனைப்போல நான் அவற்றின்மேல் குனிந்து நின்றேன்.

சில்வர் ஓக் மரங்களின் இடையே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறிவரும் இயந்திரம் டிக், டிக் என்று தனக்குள் முணுமுணுத்தது. எரிந்த எண்ணெயின் வாடை பனியோடு சேர்ந்து, கலைய மறுத்து, எங்களையே சுற்றி நின்றது.

அதற்குச் சற்று முன்புதான் அது நிகழ்ந்திருந்தது. ஏற்றத்தில் முழு மூச்சாக இழுத்துக்கொண்டிருந்த வண்டியின் குரல் திடுமென இறுகியது. யாரோ பின்னாலிருந்து பற்றி நிறுத்தியதுபோல் பின்சக்கரம் சுழலாமல் வழுக்கியது. நான் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினோம். பிடிக்கச் சொன்னது அறிவா, அச்சமா என்று கேட்டால் அச்சம் என்றே ஒப்புக்கொள்வேன்.

என் துணைவியார் ருக்குமணி சற்றுத் தள்ளித் தடுப்புச் சுவரில் அமர்ந்திருந்தார். மடியில் துணிப்பை. அதனுள் ஒரு சீப்பு, ஒரு நகவெட்டி, தேங்காய் எண்ணெய்க் குப்பி, ஓரிணைப் பித்தளைத் தாயக்கட்டை. ஞாயிறுதோறும் கொட்டச்சேட்டில் இருக்கும் தம் அக்காளைப் பார்க்க அவர் எடுத்துச் செல்லும் பொருள்கள் அவ்வளவே. இம்முறை போய்த் திரும்பும் வழியில்தான் இந்த வளைவு குறுக்கிட்டது.

"ஏனுங்க," என்றார். "அந்த வெள்ளப் பிளக்குதான நல்ல பிளக்குன்னு காத்தால சொன்னீங்க?"

ஆம் என்றேன்.

"அது நல்லாருக்குதுன்னுதான இன்னொண்ணையும் அதாட்டம் ஆக்குனீங்க?"

அதற்கும் ஆம் என்பதைத் தவிர விடை இல்லை. தமிழில் மறுப்பதற்கு எத்தனையோ அழகிய வழிகள் உள்ளன. அந்த வளைவில் அவற்றுள் ஒன்றும் எனக்கு உதவ முன்வரவில்லை.

கீழிருந்து பஸ் வரும் ஓசை கேட்டது. ருக்குமணி எழுந்து சேலையை உதறிக்கொண்டு கையை நீட்டினார். பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நடத்துநரும் பயணிகளும் கேட்கும்படி, தம் தீர்ப்பை வழங்கினார். "ரெண்டும் ஒரே நெறத்துல வர்ற வரைக்கும் நான் இந்த வண்டில ஏற மாட்டனுங்க."

நானும் வண்டியும் மிளகு மூட்டை ஏற்றிவந்த ஒரு பிக்கப்பில் ஊர் திரும்பினோம். மூட்டைகளின் நடுவே வண்டியை அணைத்துப் பிடித்தபடி நான் அமர்ந்திருந்த காட்சியை, சுற்றுலா வந்த இளைஞர்கள் சிலர் தங்கள் கைப்பேசிகளில் படம் பிடித்தனர். அது எங்கெங்கு உலவுகிறதோ அறியேன்.

ஒரு சொல்லைப் பற்றி

சென்ற வாரம் இந்தப் பத்தியில், என் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயோடு நான் நடத்திய போரைப் படித்த வாசகர் ஒருவர், எந்தக் கருவியோடாவது எனக்கு நட்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. அந்த நட்பின் நிலவரத்தைத்தான் மேலே கண்டீர்கள்.

அவர் இன்னொன்றும் கேட்கக்கூடும். வழுவில்லாத தமிழை வற்புறுத்தி ஒரு தலைமுறையைத் துன்புறுத்திய நீங்களா 'பிளக்கு' என்று எழுதுகிறீர்கள்? நான் முயலாமல் இல்லை. 'பொறிச்செருகி' என்று ஒரு சொல்லைக் கட்டினேன். ஓசையும் பொருளும் இசைந்து நின்றன. ஏற்காட்டில் பட்டறை வைத்திருக்கும் அந்தோணியிடம் போய், "என் வண்டியின் வலப்பக்கப் பொறிச்செருகி வெளுத்திருக்கிறது" என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, "சரிங்கய்யா, பிளக்குக்கு என்னங்க?" என்றார். அன்றோடு அந்தச் சொல் ஓய்வு பெற்றது. என்னைப்போல அதற்கும் ஓய்வூதியம் ஏதேனும் கிடைத்தால் நல்லது.

வெள்ளை உடுத்தியவன்

வெண்மையின்மேல் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. கல்லூரியில் தமிழ் கற்பித்த காலம் முழுவதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் வெள்ளைச் சுண்ணக்கட்டி. மாணவனின் விடைத்தாளில் ஒரு மைப்புள்ளி இருந்தாலும் முகம் சுளிப்பேன். மாசு இல்லாதது எதுவோ அது நல்லது என்பது நான் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கொள்கைகளுள் முதன்மையானது.

நிறங்களைக் குறிக்கும் சொற்களில் எனக்குப் பெருமிதமும் இருந்தது. பழுப்பு, கபிலம், காவி, மாந்தளிர், புகர் என்று வகுப்பில் அடுக்கிக்கொண்டே போவேன். கடைசி வரிசை உறங்கும், நான் நிறுத்த மாட்டேன். ஒருமுறை ருக்குமணி தம் சேலைக்கேற்ற இரவிக்கைத் துணி வாங்கிவர என்னைச் சேலத்துக்கு அனுப்பினார். சேலையின் நிறம் மாந்தளிர் என்று மனத்தில் குறித்துக்கொண்டு போய், கடைக்காரருக்கும் அந்நிறத்தின் நயத்தை விளக்கி, துணியோடு திரும்பினேன். அவர் அதைச் சேலைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். "இது செங்கல்லுங்க," என்றார். அத்துணி இன்றும் எங்கள் ஊட்டில் உள்ளது. வண்டி துடைக்கப் பயன்படுகிறது.

ஊட்டில் என்று எழுதிவிட்டேன். ருக்குமணியின் பேச்சு என் நடையில் ஒட்டிக்கொள்ளும் நாளும் வந்துவிட்டது. திருத்தாமல் விடுகிறேன்.

இரு குரல் வண்டி

ஓய்வு பெற்ற பின்னர், துணைவியாரின் தந்தை விட்டுச்சென்ற ஏற்காட்டு வீட்டில் குடியேறினோம். அவர் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவருடைய இரு பெண்களில் மூத்தவரான பழனியம்மாள் கொட்டச்சேட்டில் வாழ்க்கைப்பட்டார். இளையவருக்கு என்னைப் பார்த்தார்கள். எதைப் பார்த்து என்று நான் கேட்டதில்லை.

என் மாணவப் பருவத்தில், எங்கள் கல்லூரி வாயிலில் ஒரு செல்வர் மகன் இரட்டை உருளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனிக் கார்புரேட்டர், தனித்தனிப் புகைக்குழல். இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து ஒலிக்கும். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத நான், அந்த இழைவைக் கேட்பதற்காகவே வாயிலில் நிற்பேன். தலை நரைத்த பிறகு, அதே வகை வண்டி ஒன்று சேலத்தில் ஒரு கொட்டகையில் தூசி மண்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டதும், என் அறிவு என்னிடம் விடைபெற்றுக்கொண்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று ருக்குமணி அதை ஒருமுறை சுற்றி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பைய எங்கீங்க மாட்டறது?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பழனியம்மாள் மழை நனைத்த காப்பிக் களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலும் சன்னலுமே அவருக்கு உலகமாயின. மனைவியின் அக்காளை எங்கள் பக்கத்தில் நங்கையாள் என்போம். என் நங்கையாள் மருமகளைத் தலைவார விடமாட்டார். நகம் வெட்ட மகனையும் விடமாட்டார். அந்த இரண்டுக்கும் தங்கச்சிதான் வரவேண்டும். வந்தால் தாயமும் ஆடவேண்டும். ஒரே ஆட்டத்தை வாரக்கணக்கில் நீட்டிச் செல்லும் இருவரும், காய்களைக் கலைக்காமல் பலகையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு அடுத்த ஞாயிறு தொடர்வார்கள்.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போகும் பஸ் நெருக்கடியில் ஊர்ந்து போய்ச் சேரும். திரும்பும் பஸ் சிறிது நேரத்திலேயே வந்து நிற்கும். இடையில் தலை வார மட்டுமே பொழுதிருக்கும். ஆகவே என் பித்து, எங்கள் வீட்டில் ஒரு தேவையாக உருமாறியது. தவறான காரணத்துக்காகச் செய்த ஒரு செயல் சரியாக அமைந்துவிட்டதில் நான் கொண்ட செருக்குக்கு அளவே இல்லை.

களத்தில் ஒரு வாசிப்பு

வளைவில் நின்றுபோன அந்த ஞாயிற்றின் காலையில், நங்கையாளின் வீட்டுக் களத்தில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு பிளக்குகளையும் கழற்றினேன். பிளக்கின் நிறத்தைக் கொண்டு உருளைக்குள் நடப்பதை அறியலாம் என்பதைச் சேலத்தில் வண்டியை விற்றவர் சொல்லியிருந்தார். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று அவர் சொன்னாரா, நான் கேட்காமல் வந்தேனா என்பது நினைவில்லை. நூலின் பெயரை அறிந்ததும் நூலையே அறிந்துவிட்டதாக எண்ணுவது எனக்குப் பழக்கம்.

இடப்பக்கத்தது கரி படிந்து கறுத்திருந்தது. வலப்பக்கத்தது பால்போல் வெளுத்திருந்தது. வெள்ளை வேட்டிக்காரனுக்கு ஐயமே எழவில்லை. வலது உருளை தூயது. இடது உருளை மாசுற்றது. மாசுற்றதைத் தூயதுபோல் ஆக்குவது என் கடமை. இடப்பக்கத்துக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தைக் குறைத்தேன். கறுத்த பிளக்கைத் தேய்த்து வெளுக்கவும் செய்தேன்.

சன்னல் வழியே நங்கையாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒருநாளும் பேராசிரியர் என்றதில்லை. "பாரு ருக்கு," என்றார். "வாத்தியாரு வண்டிக்குப் பல்லு வெளக்கி உடறாரு."

உள்ளே இரு பெண்களும் சிரித்தார்கள். தாயக்கட்டை பலகையில் உருண்டது. மாசு நீக்கிய மனநிறைவோடு நான் கைகழுவினேன். அதன்பின் ஏற்றம் தொடங்கியது. அந்த வளைவும் வந்தது.

அந்தோணியின் மூன்று தீர்ப்புகள்

அந்தோணி உருளையைப் பிரித்தார். வலப்பக்கத்துப் பிஸ்டனில் நகத்தால் கீறியதுபோல் கோடுகள் விழுந்திருந்தன.

"வெள்ளையா இருந்தா உள்ள வேகுதுன்னு அர்த்தமுங்கய்யா," என்றார். "காத்து சாஸ்தி, பெட்ரோல் கம்மி. அதான் சூட்டுல பிஸ்டன் புடிச்சு வண்டி நின்னுபோச்சுங்க. காப்பிக்கொட்ட இளவறுவலா வறுத்தாப்புல இருக்கோணும் நெறம்."

எங்கள் வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி. பின்கட்டில் காப்பிக் களம். அடுப்பில் வறுசட்டி. நல்ல பிளக்கின் நிறத்தை நாள்தோறும் கண்டும் நுகர்ந்தும் பருகியும் வந்திருக்கிறேன். அந்த நிறத்தை நெருங்கியிருந்ததை மாசு என்று முடிவு செய்து, உள்ளே வெந்துகொண்டிருந்ததைத் தூய்மை என்று கொண்டாடி, மற்றதையும் வேக வைக்க முயன்றிருக்கிறேன். என் வாழ்நாள் கொள்கை ஒன்று இவ்வளவு சிறிய பொருளின் நுனியில் தோற்றுப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நோயை அறிந்த அந்தோணிக்கு நோயின் வேர் பிடிபடவில்லை. முதலில் கார்புரேட்டரில் குற்றம் என்றார். பிஸ்டனை மாற்றிக் கார்புரேட்டரையும் கழுவித் தந்தார். வலது மீண்டும் வெளுத்தது. பிளக்கில் குற்றம் என்றார். இடப்பக்கத்ததை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். இம்முறை, வலப்பக்கம் போன பழைய பழுப்புப் பிளக்கு வெளுத்துத் திரும்பியது. ஆகவே குற்றம் பிளக்கினுடையது அன்று, இடத்தினுடையது. என் வாழ்வில் நான் செய்த முதல் இயந்திர ஆராய்ச்சி அது. அந்தோணியிடம் சற்று நீட்டி முழக்கியே எடுத்துரைத்தேன்.

அவர் மூன்றாம் தீர்ப்பை வழங்கினார். "ரெண்டு சிலிண்டர்னா ரெண்டும் ஒண்ணா வராதுங்கய்யா. நீங்க இத வித்துப்போட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க. அம்மாவுக்கும் நொம்ப சௌகரியம்."

அந்த நாள்களில் நானாகவும் ஒன்றைக் கண்டுகொண்டேன். கொட்டச்சேட்டுக்குப் போகும் வழி பெரும்பாலும் இறக்கம். வண்டி முடுக்கம் இல்லாமல் உருண்டே போகும். அப்படி உருளும்போது நல்ல உருளையிலும் கரி படியத்தான் செய்யும். நான் அந்த இறக்கத்தின் முடிவில் நின்றுகொண்டு, ஏற்றத்துக்கு விடை தேடியிருக்கிறேன். முழு மூச்சாக ஏறி, ஏறிய இடத்திலேயே இயந்திரத்தை அணைத்துக் கழற்றிப் பார்த்தால்தான் அந்த நிறத்துக்குப் பொருள் உண்டு. மலைமேல் குடியிருந்து, எங்கு புறப்பட்டாலும் இறங்கியே புறப்படுகிறவனுக்குத்தான் இப்படி ஒரு பிழை வாய்க்கும். சமவெளியில் பிறந்து வளர்ந்த நான் மலைக்காரனாக ஆனதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கலையாத பலகை

முதல் ஞாயிறு ருக்குமணி பஸ்ஸில் போனார். தலை வாரினார். நகம் வெட்டத் தொடங்கியபோது திரும்பும் பஸ்ஸின் ஒலி கேட்டதாம். ஒரு கையோடு நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மறு ஞாயிறு அடைமழையில் பஸ்ஸே வரவில்லை. நின்று நின்று நனைந்து திரும்பினார். அதற்கடுத்த ஞாயிறு நங்கையாளே தொலைபேசியில் பேசினார். பலகையைத் துணிபோட்டு மூடிக் கட்டிலடியில் வைத்திருப்பதாகவும், மழையில் அலைய வேண்டாம் என்றும், தமக்கு ஒன்றும் தேவையில்லை என்றும் சொன்னார். பிறகு நங்கையாளின் மருமகள் தனியே அழைத்து, மாமியார் தலையை யாரும் தொட விடுவதில்லை, சடை விழுந்துவிட்டது என்றாள்.

ருக்குமணி தொலைபேசியை வைத்தார். துணிப்பையை எடுத்துச் சுவராணியில் மாட்டினார். அந்த ஆணி, என் எழுதுமேசையில் அமர்ந்தால் நேர் எதிரே தெரியும். அதற்கு முன்பு அந்தப் பை அங்கு மாட்டப்பட்டதே இல்லை.

இரண்டாம் குவளை

ஒரு காலை நேரம். வாசலில் வண்டியை ஓடவிட்டு, அதன் குரலைக் கேட்டபடி நின்றிருந்தேன். முடுக்காமலேயே குரல் தானாக ஏறும். சற்றுத் தாழும். மீண்டும் ஏறும். எங்கோ ஒரு மூச்சு கூடுதலாக நுழைகிறது என்பது மட்டும் விளங்கியது.

ருக்குமணி காப்பி கொண்டுவந்தார். என் கைகள் எண்ணெயாக இருந்தமையால் குவளையை வண்டியின் இருக்கைமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். ஓடும் வண்டியின் அதிர்வில் அந்த எவர்சில்வர் குவளை மெல்ல மெல்ல நகர்ந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எடுத்து வைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பேசாமல் இருப்பதில் நாங்கள் அவ்வளவு முனைப்பாக இருந்தோம்.

குவளை வலப்பக்கம் கவிழ்ந்தது. காப்பி முழுவதும் கார்புரேட்டருக்கும் உருளைக்கும் இடையிலுள்ள தடித்த ரப்பர்க் குழலின்மேல் கொட்டியது. வண்டி ஒருமுறை விக்கியது. பிறகு, ஏறியிருந்த குரல் இறங்கி, இடப்பக்கத்துக் குரலோடு இழைந்து, சீராக ஒலித்தது.

நான் அசையாமல் நின்றேன். ரப்பர் உலர உலரக் குரல் மீண்டும் ஏறியது.

"ருக்கு, இன்னொரு காப்பி," என்றேன்.

அவர் போய்க் கொண்டுவந்தார். வாங்கி, அதே இடத்தில் ஊற்றினேன். வண்டி மீண்டும் அடங்கியது.

"ஏனுங்க," என்றார் ருக்குமணி. "சக்கர போட்டது உங்களுக்குங்களா, வண்டிக்குங்களா?"

பல நாள்களுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. தண்ணீரே போதுமாயிருந்திருக்கும் என்று இதைப் படிக்கும் அறிவாளர்கள் சொல்லக்கூடும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. காப்பியால் குணம் கண்டது, ஆகவே காப்பி. மருத்துவ முறையை மாற்ற நான் துணியவில்லை.

குழலைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். இறுக்குப் பட்டையின் அடியில், மூடிய உதடுபோல் ஒரு வெடிப்பு. வளைத்தால் மட்டும் திறந்தது. அதன் வழியேதான் காற்று திருட்டுத்தனமாக நுழைந்து வலப்பக்கத்தை வேகவைத்திருக்கிறது. காப்பி பட்டபோது அந்த உதடு ஒட்டிக்கொண்டது. அந்தோணியிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரப்பரத்தான் மொதல்லயே சொல்லலாம்னு நெனச்சேனுங்கய்யா," என்றார். எனக்கு அவர்மேல் திடீரென்று அன்பு பெருகியது. கல்லூரியில் இருந்திருந்தால் அவர் என் துறைத் தலைவராக உயர்ந்திருப்பார்.

விளக்கவுரை

சேலத்திலிருந்து புதிய குழல் வந்தது. இடப்பக்கத்தில் நான் குறைத்திருந்த பெட்ரோலையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். ஞாயிறு காலை, கொட்டச்சேட்டுச் சாலையில் சிறிது தூரம் இறங்கித் திரும்பினேன். முழு மூச்சாக ஏறி, மேட்டின் உச்சியில் இயந்திரத்தை அணைத்தேன். ஆறும் வரை பொறுக்க மனமில்லை. கழற்றும்போது கட்டைவிரல் பொசுங்கியது.

கைக்குட்டையை விரித்தேன். இடப்பக்கத்தது காப்பிக்கொட்டையின் இளவறுவல். வலப்பக்கத்தது பழுப்புத்தான், நல்ல பழுப்புத்தான். ஆயினும் ஒரு சாயல் இளைத்திருந்தது.

ஒரே நிறம் என்பது அவருடைய நிபந்தனை. இது ஒரே நிறம் அன்று.

வேறு பிளக்குகளைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். வழியெல்லாம் என் வாதத்தைக் கட்டினேன். பின்கட்டில் ருக்குமணி அடுப்பருகே நின்றிருந்தார். கைக்குட்டையை மேடைமேல் விரித்து, கற்பித்த காலத்தின் குரலை வரவழைத்துக்கொண்டு தொடங்கினேன். நிறம் என்பது ஒரு புள்ளி அன்று, பரப்பு. பழுப்பு என்னும் ஒரு சொல்லுக்குள் கபிலமும் அடங்கும், புகரும் அடங்கும். ஒரே செடியில் பழுத்த இரு கனிகள் ஒரே சிவப்பில் இருப்பதில்லை. இரு உருளைகளுக்கும் காற்று ஒரே திசையிலிருந்து வந்தாலும் ஒரே அளவில் படுவதில்லை. ஆகவே நுண்ணிய வேறுபாட்டை வேறுபாடாகக் கொள்ளாமை அறிஞர் மரபு. இப்படியே போயிற்று.

ருக்குமணி இடைமறிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். சட்டியை மூடினார். எடுத்துக்காட்டுகளின் இரண்டாம் வரிசைக்கு நான் சென்றபோதுதான் அவருடைய உடையைக் கவனித்தேன். வெளியூர் போகும்போது உடுத்தும் சேலை. தலையில் பூ. மேடையின் ஓரத்தில் துணிப்பை. சுவராணி வெறுமையாக இருந்தது.

"எப்போது கிளம்பினாய்?" என்றேன்.

"நீங்க மேட்டுல ஏறறப்பவே ரெண்டு சத்தமும் ஒண்ணாக் கேட்டுதுங்க," என்றார். பிளக்குகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பேசிட்டே இருந்தீங்கன்னா பஸ்ஸே வந்துரும். வண்டிய எடுங்க."

ஓர் உரையை இடையில் நிறுத்துவதில் எனக்குள்ள இடர்ப்பாட்டை என் மாணவர்கள் அறிவார்கள். எஞ்சிய பகுதியை வண்டியைத் தள்ளிக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அந்த வளைவுக்கு வந்தபோது தோள்மேல் இருந்த அவர் கை இறுகியது. வளைவைக் கடந்தும் சற்று நேரம் இறுகியே இருந்தது. பிறகு, எப்போது தளர்ந்தது என்று தெரியாமல் தளர்ந்தது.

நங்கையாளின் தலைமயிர் உண்மையாகவே சடை பிடித்திருந்தது. தங்கையைக் கண்டதும் அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ருக்குமணி கட்டிலில் ஏறிப் பின்னால் அமர்ந்து, எண்ணெய் தொட்டு, சிக்கெடுக்கத் தொடங்கினார். சீப்பு ஒவ்வொரு சிக்கிலும் நின்று நின்று இறங்கியது. நான் வாசற்படியில் நின்று, வரவேற்பு ஏதும் இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பலகைய எடு," என்றார் நங்கையாள்.

ருக்குமணி கட்டிலடியிலிருந்து எடுத்துத் துணியை விலக்கினார். காப்பிக்கொட்டைகள் அக்காளின் காய்கள், புளியங்கொட்டைகள் தங்கையின் காய்கள். காப்பிக்கொட்டைகள் எல்லாம் சுற்று முடித்துப் பழமாகி நடுக்கட்டத்தில் குவிந்து கிடந்தன. புளியங்கொட்டைகள் ஒன்றுவிடாமல் வெட்டுப்பட்டு வெளியே கிடந்தன.

"நீ வரலீன்னா ஆட்டம் நின்னுருமா?" என்றார் நங்கையாள். "சோழிய வெச்சு உனக்குஞ் சேத்து நானே உருட்டுனேன். நீ தோத்துப் போயிட்ட."

"கள்ளாட்டம்," என்றார் ருக்குமணி. காய்கள் அனைத்தையும் ஒரே வாரலில் கலைத்துவிட்டுப் பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்தார். "மொதல்ல இருந்து ஆடுக்கா."

நான் களத்துக்கு வந்தேன். பழக்கத்தால் கை பிளக்குத் திருகியை எடுத்துவிட்டது. வண்டியருகே குனிந்த பிறகுதான் நினைவு வந்தது. இறக்கத்தில் வந்து நின்ற வண்டி. இப்போது கழற்றினால் அது ஒன்றும் சொல்லாது. திருகியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். வெள்ளைச் சட்டையில் கரி பட்டிருந்தது. பட்டால் படட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே பித்தளை உருண்டது. யாருக்கோ தாயம் விழுந்து, யாரோ கூவினார்கள். குரலை வைத்து அக்காளா, தங்கையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.